ஐம்பது வயதில் கோர்ட் ரிப்போர்ட்டர் ஆக முடியுமா?

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கோர்ட் ரிப்போர்ட்டர் என்றால் இங்கே செய்தியாளர் அல்ல, வழக்கு விசாரணையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்பவர். கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு ஐம்பது வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்தேன். முதலாளி ஓய்வு பெற்று அலுவலகத்தை மூடிவிட்டார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் நன்றாக வரும், டைப்பிங் வேகம் உண்டு. பள்ளி முடித்த காலத்தில் சுருக்கெழுத்து படிக்க ஆசைப்பட்டேன், வீட்டில் வசதி இல்லை. இப்போது ஒரு நிறுவனம் அமெரிக்க முறையில் கோர்ட் ரிப்போர்ட்டர் பயிற்சி தருகிறது. எட்டு மாதம், 18,000 ரிங்கிட். முடித்தால் வீட்டிலிருந்தே அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வேலை செய்யலாம் என்கிறார்கள். இடம் பிடித்து வைக்க 500 ரிங்கிட் கட்டிவிட்டேன். மீதியை இபிஎஃப் பணத்தில் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். பிள்ளைகளோ, 'இனிமேல் எதுக்கும்மா, கம்ப்யூட்டரே எல்லாத்தையும் எழுதிடுது' என்கிறார்கள். இந்த வயதில் முடியுமா? செய்யலாமா?"

அன்புள்ள சகோதரி,

முடியும். ஆனால் அந்த நிறுவனம் சொல்லும் வழியில் வேண்டாம். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள், இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். உங்களுக்கு ஏற்ற வேலை இந்தத் துறையில் இருக்கிறது. அது அவர்கள் விளம்பரம் செய்கிற வேலை அல்ல, அதற்குப் பக்கத்து வேலை. கோலாலம்பூரில் மேல்முறையீடுகளுக்கும் நடுவர் விசாரணைகளுக்கும் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் முன் தீர்க்கும் வழக்குகள்) டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேசியதன் எழுத்து வடிவம், தயாரிக்கும் வேலையில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர் நிலைமையைப் பார்ப்போம். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு நீங்கள் எத்தனையோ முறை கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். எந்த அறையிலாவது ஸ்டெனோ என்ற சுருக்கெழுத்து இயந்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் நீதிபதிகளே சாட்சியங்களைக் கையால் எழுதிக்கொண்டார்கள். நீதிபதியின் பேனா வேகத்துக்குத்தான் சாட்சி பேச முடியும். அப்புறம் சிஆர்டி என்று எல்லோரும் சொல்லும் ஒலி, ஒளிப்பதிவு முறை வந்தது. கையெழுத்துக் காலத்திலிருந்து நேரே பதிவுக் கருவிக் காலத்துக்கு வந்துவிட்டோம். நடுவில் அமெரிக்கா போல ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஒரு கோர்ட் ரிப்போர்ட்டர் இருந்த காலம் நமக்கு இல்லை. அதனால் "இங்கே அரசு நீதிமன்றத்தில் சேரலாம்" என்று யாராவது சொன்னால் எந்தப் பதவி, எந்த அறிவிப்பு என்று கேளுங்கள்.

சரி, அமெரிக்காவுக்கு வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். அங்கே பல மாநிலங்களில் இந்த வேலைக்கு உரிமம் வேண்டும். நாடு தழுவிய சங்கமான என்சிஆர்ஏ நடத்தும் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வு ஆர்பிஆர். அதில் நிமிடத்துக்கு 180 சொல் வேகத்தில் ஒரு உரை, 200 சொல் வேகத்தில் ஜூரிகளுக்கு நீதிபதி தரும் விளக்கம், 225 சொல் வேகத்தில் கேள்வி பதில் சாட்சியம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், ஒவ்வொன்றிலும் 95 விழுக்காடு துல்லியம் வேண்டும். நம் நாட்டில் ஜூரி முறையே 1995-இல் முடிந்துவிட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பாடத்திட்டம் எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்பது அதிலேயே தெரிகிறது.

225 சொல் என்றால் என்ன என்று டைப்பிங் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 70 சொல் அடித்தாலே அலுவலகத்தில் கெட்டிக்காரர் என்பார்கள். இந்த வேகத்துக்கு வர அங்கே இளைஞர்களுக்கே இரண்டு முதல் நான்கு ஆண்டு பிடிக்கிறது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். எட்டு மாதத்தில் ஆக்கித் தருகிறேன் என்பவர் ஒன்று இந்த வேலை தெரியாதவர், இல்லையென்றால் உங்களிடம் உண்மையைச் சொல்லாதவர்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் நீதிமன்ற அறை அல்ல, டெபொசிஷன். விசாரணை தொடங்குவதற்கு முன்பே சாட்சியை ஒரு அலுவலகத்தில் உட்கார வைத்து, சத்தியப் பிரமாணம் எடுக்க வைத்து, இரு தரப்பு வழக்கறிஞர்களும் மணிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள். அதைப் பதிவு செய்வது கோர்ட் ரிப்போர்ட்டர். பெரும்பாலும் பிரமாணம் எடுக்க வைப்பதும் அவரேதான். அதற்கான அதிகாரத்தை அந்தந்த மாநிலம் தர வேண்டும். செந்தூலில் இருக்கும் உங்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? நேர வித்தியாசம் வேறு. கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9. விடிய விடிய உட்கார வேண்டும். நம் நடைமுறையில் டெபொசிஷன் அரிது. ஆகவே அங்கே இந்தத் தொழில் ஏன் செழிக்கிறதோ, அந்தக் காரணமே இங்கே இல்லை.

இதையெல்லாம் சொல்வது உங்கள் ஆசையை அடக்க அல்ல. அந்த ஸ்டெனோ இயந்திரம் உண்மையிலேயே அழகான ஒரு கண்டுபிடிப்பு. எண்களுக்கான பட்டையை விட்டுவிட்டால் 22 விசைகள்தான். எழுத்து எழுத்தாகத் தட்டுவதில்லை. பல விசைகளைச் சேர்த்து ஒரே அமுக்கில் ஓர் அசையையோ, முழுச் சொல்லையோ, பழகிய தொடரையோ போட்டுவிடலாம். இடது கை சொல்லின் தொடக்க ஒலியை, கட்டை விரல்கள் உயிரொலியை, வலது கை முடிவொலியைப் பார்த்துக்கொள்ளும். இடது பக்கத்தில் 'எல்' விசையே கிடையாது. 'எச்', 'ஆர்' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 'எல்'. 'டி', 'பி', 'எச்' மூன்றும் சேர்ந்தால் 'என்'. சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்க்காமல் காதில் விழுந்த ஒலியாகப் பிடிக்கும் முறை இது. வீணை வாசித்தவர்களுக்கும் ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கும் விரல் சீக்கிரம் பழகும்.

இதைத் தொட்டுப் பார்க்க 18,000 ரிங்கிட் தேவையே இல்லை. பிளோவர் என்ற மென்பொருள் இலவசம். சாதாரண விசைப்பலகை பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் தடுமாறும். அதனால் எல்லா விசைகளையும் ஒன்றாக ஏற்கும் கேமிங் விசைப்பலகை ஒன்றை லோ யாட்டில் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தொழில்முறை இயந்திரம் புதிதாக வாங்கினால் பல ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும், அந்தப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். தினமும் அரை மணி நேரம், மூன்று மாதம் பழகுங்கள். மூன்று மாதம் கழித்தும் கை தானாக அதைத் தேடினால் தொடருங்கள், பள்ளி முடித்த வயதில் கிடைக்காதது இப்போது கிடைக்கட்டும். ஆனால் இதை வருமானமாக எண்ணிவிடாதீர்கள். ஆங்கில ஒலிகளுக்காக அமைந்த முறை இது, அந்தப் பாடங்களில் மலாய் இல்லை. நம் நீதிமன்றங்களின் மொழியோ தேசிய மொழி. நீதியின் நலனுக்குத் தேவை என்றால்தான் ஆங்கிலம்.

அப்படியானால் இங்கே யார் எழுதுகிறார்கள்? பதிவுக் கருவி பதிவு செய்துவிடும். ஆனால் மேல்முறையீட்டு நீதிபதிகள் புத்ராஜெயாவில் உட்கார்ந்து நாள் கணக்கில் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நோட்டா கெத்தெராங்கான் என்ற சாட்சியக் குறிப்பு எழுத்தில் வேண்டும், ரெக்கோட் ராயுவான் என்ற மேல்முறையீட்டு ஆவணத் தொகுப்பில் சேர வேண்டும். நீங்களே எத்தனை ரெக்கோட் ராயுவான் கட்டியிருப்பீர்கள்! அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைச் சட்ட நிறுவனங்கள் பல வேளைகளில் வெளியே கொடுக்கின்றன. அது ஒன்று. இன்னொன்று நடுவர் விசாரணை. ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் பங்குனான் சுலைமானில் ஏஐஏசி என்ற ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இருக்கிறது, 1978-இல் வேறு பெயரில் தொடங்கிய மையம். கட்டுமானச் சச்சரவு, எண்ணெய் எரிவாயு ஒப்பந்தம் என்று பெரிய பெரிய வழக்குகள். அங்கே அன்றன்றைக்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும் என்று தரப்பினரே பணம் கொடுத்து ஆள் வைப்பார்கள். பேசும்போதே திரையில் எழுத்து ஓடும் நேரடிப் பதிவுக்கு ஸ்டெனோ தெரிந்தவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் திருத்துபவர், சரிபார்ப்பவர், ஆவணப் பெயர்களைக் கவனிப்பவர் என்று ஒரு குழு வேலை செய்கிறது. அமெரிக்க ரிப்போர்ட்டர்களுக்கும் ஸ்கோப்பிஸ்ட் என்ற துணை உண்டு; ஒலியோடு ஒப்பிட்டு டிரான்ஸ்கிரிப்டைத் திருத்திக் கொடுப்பவர். அதற்கு உரிமம் வேண்டாம், நேரத்துக்கு நேரம் கூடவே உட்காரவும் வேண்டாம்.

உங்கள் இடம் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு பதிவில் சாட்சி, ஒப்பந்தக்காரர், "ஹி பே மீ ஃபிஃப்டீன் தௌசண்ட்" என்கிறார். அல்லது "ஃபிஃப்டி தௌசண்ட்" என்கிறார். கடைசி ஒலியை விழுங்கிவிட்டார். அதே நொடியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்கிறார், யாரோ கோப்பின் பக்கத்தைப் புரட்டுகிறார், குளிர்சாதனம் இரைகிறது. 15,000-ஆ, 50,000-ஆ? மூன்று முறை கேட்கிறோம். வேகத்தைக் குறைத்துக் கேட்கிறோம், அப்போது குரல் இழுபட்டு இன்னும் குழம்புகிறது. பழகாதவர் இந்த இடத்தில் தனக்குச் சரியாகப் பட்டதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்தவர் என்ன செய்வார் தெரியுமா? ஆவணக் கட்டைத் திறப்பார். அந்தக் கட்டணச் சீட்டு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதில் 15,000 என்று இருந்தாலும் உடனே அதை எழுதிவிட மாட்டார். சீட்டில் உள்ளது வேறு, சாட்சி வாயிலிருந்து வந்தது வேறு. ஒருவேளை முழு வழக்கே அந்த வித்தியாசத்தைப் பற்றியதாக இருக்கலாம். அடுத்த கேள்வியில் வழக்கறிஞர் அந்தத் தொகையைத் திரும்பச் சொல்கிறாரா, சாட்சி மறுக்கிறாரா என்று முன்னும் பின்னும் கேட்பார். எதுவும் பிடிபடவில்லை என்றால் 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று போட்டு, மணி, நிமிடம், நொடியைக் குறித்து வைப்பார். இரு தரப்பும் பார்த்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று.

இந்த நிதானத்தை எந்தப் பள்ளியும் எட்டு மாதத்தில் சொல்லிக் கொடுக்காது. ஒருவர் சொன்னதைச் சொன்னபடி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. இலக்கணப் பிழையோடு பேசினால் பிழையோடு, "ஐ டோண்ட் நோ லா" என்றால் அந்த 'லா'வோடு. தோட்டத்திலிருந்து வந்த ஒரு முதியவர் தமிழில் பதில் சொல்லி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னால், பதிவில் நிற்பது மொழிபெயர்ப்பாளரின் சொற்கள். ஆனால் தமிழ் தெரிந்த நீங்கள், முதியவர் சொன்னது ஒன்று, பதிவில் வந்தது வேறு என்று கேட்டுவிடுவீர்கள். அதை நீங்களே மாற்றி எழுதக் கூடாது. இந்த இடத்தில் இப்படி ஒரு வேறுபாடு கேட்கிறது என்று வேலை கொடுத்த நிறுவனத்துக்குத் தனிக்குறிப்பு எழுதலாம். மேல்முறையீட்டில் அந்த ஒரு குறிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். மூன்று மொழியும் சட்ட அலுவலகப் பழக்கமும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம், சகோதரி. அதை நீங்கள் ஏதோ கூடுதல் தகுதி மாதிரி கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் தெளிவான ஆங்கிலத்தில் தனியாகப் பேசினால் மென்பொருள் நன்றாகவே எழுதிவிடுகிறது. நீதிமன்றங்களுக்குள்ளும் அந்தத் தொழில்நுட்பம் வந்துகொண்டிருக்கிறது. அதனால் வெறும் டைப்பிங் கூலி குறையும், குறைந்துகொண்டும் வருகிறது. ஆனால் மலாயில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்து நடுவில் தமிழில் ஒரு சொல் போடும் நம் சாட்சியிடம், இரண்டு பேர் சேர்ந்து கத்தும் இடத்தில், 'அனாக் லெலாக்கி' (இன்னாரின் மகன்) போட்ட நீளமான தமிழ்ப் பெயரிடம் அது தடுக்கி விழுகிறது. விழுந்ததும் தெரியாதபடி நல்ல வாக்கியமாகவே எழுதி வைத்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. ஆகவே வருங்கால வேலை, கருவி எழுதிய வரைவை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது. தொடக்கத்திலிருந்தே அதற்குப் பழகுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: வாடிக்கையாளரின் ஒலிப்பதிவை இணையத்தில் கிடைக்கும் இலவசச் செயலி எதிலும் ஏற்றாதீர்கள். கட்சிக்காரர் இரகசியத்தை வெளியே விடக் கூடாது என்று இருபது ஆண்டு கட்டிக்காத்தவர் நீங்கள், இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இப்போது வயது. ஐம்பதில் மூளை இதைக் கற்காது என்பது வெறும் பயம். நான் யோசிக்கச் சொல்வது காதைப் பற்றி. வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். 'எஸ்', 'எஃப்', 'டி' போன்ற ஒலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஒருமையா பன்மையா, நடந்ததா நடக்கிறதா என்பதெல்லாம் ஆங்கிலத்தில் அந்தக் கடைசி ஒலியில்தான் தொங்குகிறது. எனவே எந்த வகுப்பில் சேர்வதற்கு முன்பும் ஒரு செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். குறை இருந்தால் வேலையை விட வேண்டும் என்றில்லை, கருவியைச் சரியாகத் தேர்ந்துகொள்ளலாம். காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன் வாங்குங்கள், ஒலியைக் கூட்டி வைத்து மணிக்கணக்கில் கேட்காதீர்கள். காலால் அழுத்தி ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல் இருந்தால் மணிக்கட்டு பிழைக்கும். ஒரு மணி நேரப் பதிவுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், பலர் பேசினால் இன்னும் கூடும். முதுகுக்கு நாற்காலி முக்கியம்.

பயிற்சிக்கு ஒரு காசும் செலவில்லாத வழி இருக்கிறது. மக்களவைக் கூட்டம் இணையத்தில் ஒளிபரப்பாகிறது, அங்கே பேசியதன் எழுத்துப் பதிவான ஹன்சார்ட் நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கிறது. கேள்வி நேரத்தில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு எழுதுங்கள், பிறகு ஹன்சார்டோடு ஒப்பிடுங்கள். ஹன்சார்டில் பேச்சைச் சற்றுச் சீர்ப்படுத்தியிருப்பார்கள், அந்த வேறுபாட்டைக் கவனிப்பதே நல்ல பாடம். ஆங்கிலத்துக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இணையத்தளம். வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டும் இரண்டும் அங்கே இலவசம். ஒன்பது நீதிபதிகள் குறுக்கே குறுக்கே பேசுவார்கள், யார் பேசுகிறார் என்று குரலை வைத்துப் பிரிக்கப் பழகலாம். ஜாலான் டூத்தாவில் திறந்த நீதிமன்றத்தில் பின் வரிசையில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது, காதால் மட்டும். இத்தனை நாள் கோப்பு, தேதி, கையெழுத்து என்று ஓடிக்கொண்டிருந்த அதே இடம் வேறு மாதிரி கேட்கும்.

நான்கைந்து மாதம் இப்படிப் பழகிய பிறகு, ஒரு மணி நேர மாதிரி டிரான்ஸ்கிரிப்ட் ஒன்றைக் குறையில்லாமல் தயார் செய்யுங்கள். உங்கள் பழைய முதலாளிக்குத் தெரிந்த வழக்கறிஞர்கள், நீங்கள் தினமும் போனில் பேசிய மற்ற அலுவலகத்துக் கிராணிகள், இவர்களிடம்தான் முதலில் கொண்டு போக வேண்டும். வேலை பெரும்பாலும் அவர்கள் கை வழியாகத்தான் வரும். கூலி நிமிடக் கணக்கிலோ பக்கக் கணக்கிலோ பேசுவார்கள், மாதச் சம்பளம் மாதிரி வராது. ஒரு மாதம் மலை போல வரும், அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. அதனால் இப்போதைக்கு எங்காவது பகுதி நேர வேலை கிடைத்தால் விடாதீர்கள். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

கடைசியாக, அந்த 500 ரிங்கிட். ரசீதில் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் பேச்சாக வேண்டாம். பயிற்சி எந்தச் சான்றிதழுக்கு இட்டுச் செல்கிறது, எந்த மாநிலம் மலேசியாவில் இருப்பவருக்கு உரிமம் தருகிறது, இதுவரை படித்து முடித்தவர்களில் இந்த வேலையில் இருப்பவர் ஒருவரிடம் நான் பேசலாமா என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று தேதி குறித்து எழுதுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரத்தையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் இன்றே அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். எட்டு மாதத்தில் அமெரிக்க நீதிமன்ற வேலை என்று அவர்கள் எழுதியிருக்கும் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.